மாமாவின் புல்லட்டும் ஃபோர்க் ஆயிலும்

வண்டிக்கு எண்ணெய் ஊற்றுவது ஆண்கள் சமாசாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! ஓட்டுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது. பிள்ளையும் பையுமாகப் பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள் நாம்தானே?

எங்கள் வீட்டில் 1976-ம் வருஷத்து புல்லட் ஒன்று இருக்கிறது. என் மாமனார் வாங்கியது. 1955-ல் மெட்ராஸில் ஆரம்பித்த என்ஃபீல்டு இந்தியா கம்பெனி, திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த வண்டி. விலைக்குக் கேட்டு வராத ஆளில்லை. "அப்பா தொட்ட வண்டி, கொடுக்க மாட்டேன்" என்பார் என் வீட்டுக்காரர். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குச் சாரல் பார்க்க அதில்தான் போவோம்.

போன ஆனி மாதம் பழைய குற்றாலம் போகிற வழியில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. அவர் பிரேக் பிடித்ததும் வண்டியின் முன்பக்கம் அப்படியே மண்டி போட்ட மாதிரி இறங்கி, மறுபடி துள்ளியது. நான் அவர் முதுகில் போய் மோதினேன். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அன்று என் மடியில் அண்ணன் பேத்தி இருந்திருந்தால் என்று நினைத்தபோது உடம்பே பதறிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் விவாதம் ஆரம்பமாயிற்று. "முன் ஃபோர்க்கில் கெட்டியான ஆயிலா ஊத்துங்கப்பா, இறங்காது" என்றான் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகன். "என்ஜின் ஆயில் மிச்சம் இருக்கு, அதையே ஊத்தினா போச்சு. எங்க அப்பா அதைத்தான் ஊத்துவார்" என்றார் இவர். கடைசியில் மெக்கானிக் அண்ணாச்சியை வரவழைத்தோம். அவர் சொன்னதைக் கேட்டதும், அட, இது நம் அடுப்படிக் கணக்குத்தானே என்று தோன்றியது.

முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற கால்கள்தான் ஃபோர்க். குழாய்க்குள் குழாய், உள்ளே ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அமுக்கிவிட்ட ஸ்பிரிங் சும்மா இருக்குமா? பிள்ளைக்குக் கட்டுகிற தொட்டில் ஸ்பிரிங்கைப் பாருங்கள், ஒருதரம் இழுத்துவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். ஃபோர்க்கில் எண்ணெய் சின்னச் சின்னத் துளைகள் வழியாக மெல்லப் புகுந்து போவதால் அந்தத் துள்ளல் அடங்குகிறது. தாங்குவது ஸ்பிரிங், அடக்குவது எண்ணெய்.

நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் கரண்டியிலிருந்து ஒரே மாதிரியா விழுகிறது? அந்த வித்தியாசத்தைத்தான் டின்னில் 10, 20, 30 என்று எண் போட்டுச் சொல்கிறார்கள். எண் ஏற ஏற எண்ணெய் கெட்டி. ரொம்ப இளக்கமாக இருந்தால் வண்டி குதிக்கும். ரொம்பக் கெட்டியாக இருந்தால் பள்ளத்தில் ஃபோர்க் சட்டென்று அமுங்காமல், ஒவ்வொரு குலுக்கலும் நம் இடுப்பில் வந்து விழும்.

"அந்தக் காலத்தில பல வண்டிக்கு என்ஜின் ஆயிலையே ஃபோர்க்கிலும் ஊத்தச் சொன்னாங்க, உங்க மாமா செஞ்சது தப்பில்ல தாயி" என்றார் அண்ணாச்சி. ஆனால் இப்போது ஃபோர்க்குக்கென்றே வருகிற எண்ணெய் நுரை கட்டாமல் இருக்கும்படி தயாரானது. சூட்டில் அதிகமாக இளகாது. இன்னொன்று: என்ஜின் ஆயில் டின்னில் இருக்கிற எண்ணும் ஃபோர்க் ஆயில் டின்னில் இருக்கிற எண்ணும் ஒரே கணக்கு இல்லை. ஃபோர்க் ஆயிலிலேயே கம்பெனிக்குக் கம்பெனி கெட்டித்தன்மை மாறும். அதனால் பாதி இது, பாதி அது என்று கலக்கக் கூடாது. இரண்டு காலிலும் ஒரே எண்ணெய், ஒரே அளவு.

பழைய எண்ணெயை வடித்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஒரு காலில் அரைக் கரண்டிகூட இல்லை. இன்னொன்றில் வந்தது அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது! ஆயில் சீல் தேய்ந்துபோனதுதான் காரணம். "சீலை மாத்தாம கெட்டி ஆயில் ஊத்தினா ஓட்டைக் குடத்தில பாயசம் ஊத்தின கதைதான்" என்றார் அண்ணாச்சி. கசிகிற எண்ணெய் சக்கரத்தின் பிரேக்குக்குள் இறங்கிவிட்டால் பிரேக்கே பிடிக்காதாம்.

எந்த எண், எவ்வளவு ஊற்றுவது? மாமா பீரோவில் பத்திரமாக வைத்திருந்த வண்டிப் புத்தகத்தில் இருந்தது. வடித்த எண்ணெயை அளந்து அதே அளவு ஊற்றினால் சரிவராது. அதில்தான் பாதி ஒழுகிப் போயிருக்குமே! பக்கத்து வீட்டு வண்டி அளவும் உதவாது. மாடலுக்கு மாடல் மாறும். சீல் மாற்றி, புத்தகப்படி ஊற்றியபின் வண்டி பிரேக்குக்கு அடக்கமாக இறங்கி, அடக்கமாக எழுகிறது.

வடித்த எண்ணெய் விஷயத்தில் நாம்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும். கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைக்க விடாதீர்கள். குழந்தை பானம் என்று நினைத்துக் குடித்துவிடும். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சாக்கடையிலும் கொட்ட வேண்டாம். கடைசியில் அது நம் சிற்றாற்றில்தான் போய்ச் சேரும். பழைய ஆயில் சேகரிக்கிற ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடலாம். அளந்த டம்ளர் மறுபடி சமையலறைக்குள் வரக் கூடாது.

உங்கள் வீட்டில் பழைய வண்டி இருந்தால், ஹேண்டில்பாருக்குக் கீழே பளபளவென்று தெரியும் ஃபோர்க் குழாயை ஒருதரம் விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் ஒட்டினால் சீல் கசிகிறது என்று அர்த்தம். குழாயில் துருப்பிடித்துச் சொரசொரப்பு இருந்தால் புது சீலும் சீக்கிரம் கிழியும். அதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். நான் எண்ணெயின் பெயர், எண், அளவு, மாற்றிய தேதி நான்கையும் எழுதி, பீரோக் கதவின் உட்புறம் கேஸ் நம்பருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை விவாதத்துக்கே இடமில்லை!