பட்டியலில் இல்லாத நாடு

2024 மே மாதம் 5ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வருகிறேன். முன் விறாந்தையில் என் மருமகனும் எனது பழைய மாணவன் ஒருவனும் ஒரே கைத்தொலைபேசியின் மேல் குனிந்துகொண்டு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மருமகன் தங்கச்சியின் மகன். ஹட்டன் டவுனில் போன் திருத்தும் கடையில் நிற்பவன். மற்றவன் டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன். என்னிடம் ஆறாம் வகுப்பில் கணக்குப் படித்தான். இப்போது கொழும்பில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை. மே தின லீவுக்கு வந்தவன் இன்னும் திரும்பிப் போகவில்லை.

சம்பளத்தைப் பற்றிய சண்டை என்றுதான் முதலில் நினைத்தேன். நான்கு நாட்களுக்கு முன்புதான் கொட்டகலை மே தினக் கூட்டத்தில் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,700 ரூபா என்று ஜனாதிபதி அறிவித்திருந்தார். (அது நீதிமன்றம் வரை போய் இழுபட்டது பிந்திய கதை.) ஆனால் இவர்களின் சண்டை ஒரு வீடியோ விளையாட்டைப் பற்றியது.

'ஹெல்டைவர்ஸ் 2' என்று அதற்குப் பெயர். 2015இல் வந்த விளையாட்டொன்றின் அடுத்த பாகம். சுவீடனிலுள்ள ஒரு நிறுவனம் செய்ய, ஜப்பானின் சோனி அதை 2024 பெப்ரவரி 8ஆம் திகதி வெளியிட்டது. சோனியின் பிளேஸ்டேஷன் இயந்திரம் இல்லாதவர்கள் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி, கொம்பியூட்டரில் விளையாடலாம். மே 3ஆம் திகதி சோனி ஓர் அறிவித்தல் விட்டது. ஸ்டீமில் வாங்கியவர்களும் இனிச் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கில் ஒரு கணக்குத் திறந்தே ஆகவேண்டும். இந்த நிபந்தனை தொடக்கத்திலேயே இருந்தது, சேர்வர் நெருக்கடியால் தளர்த்தி வைத்திருந்தார்கள் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தக் கணக்குத் திறக்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அடுத்த ஓரிரு நாட்களுக்குள் 177 நாடுகளிலும் பிரதேசங்களிலும் அந்த விளையாட்டின் விற்பனையே நிறுத்தப்பட்டது.

விலை கிட்டத்தட்ட 40 டொலர். அன்றைய கணக்கில் 12,000 ரூபா. பையனின் தாய்க்கு அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபா. பன்னிரண்டு நாள் கொழுந்து. இதைக் கணக்கு வாத்தியாராகிய நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேனே தவிர, வாய்விட்டுச் சொல்லவில்லை. அவன் தன் சம்பளத்தில் மூன்று மாதமாகச் சேர்த்த காசு அது.

"ஒரு சாமான ஒரு கடையில மட்டும் வித்தா என்ன மாமா? கடக்காரன்ட இஷ்டம்தானே" என்றான் மருமகன்.

அவனிடம் ஆதாரமும் இருந்தது. 2018 டிசம்பரில் எபிக் என்ற நிறுவனம் புதிதாக ஓர் இணையக் கடையைத் திறந்தது. ஸ்டீம் பொதுவாக விற்பனையில் நூற்றுக்கு 30 எடுக்கும். எபிக் 12 போதும் என்றது. ஆனாலும் பழகிய கடையை விட்டு யார் வருவார்? ஆகவே பணத்தைக் கொடுத்து, ஆட்கள் வழிபார்த்துக் காத்திருந்த விளையாட்டுகளைத் தனக்கு மட்டும் என்று வாங்கிப் போட்டது. 'மெட்ரோ எக்ஸடஸ்' 2019 பெப்ரவரி 15ஆம் திகதி வெளிவர இருந்தது. ஸ்டீமில் மாதக்கணக்காக விளம்பரம் போட்டு, முன்பதிவும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜனவரி 28ஆம் திகதி, இனி எபிக்கில்தான் என்று அறிவித்தார்கள். கோபம் கொண்டவர்கள் ஸ்டீமிலிருந்த அதன் முந்திய பாகங்களுக்குப் போய் வசை எழுதி நிரப்பினார்கள். அதே வருடம் 'போர்டர்லேண்ட்ஸ் 3'க்கும் இப்படித்தான். இரண்டுமே ஏறக்குறைய ஒரு வருடத்துக்குள் ஸ்டீமுக்கு வந்து சேர்ந்தன.

"பாருங்களே மாமா, கொஞ்சம் பொறுத்தா எல்லாக் கடைக்கும் வரும். ரெண்டாவது கடையொண்டு வந்தது நல்லதுதானே?"

இந்தப் பேச்சை நான் சிறுவயதில் வேறு மாதிரிக் கேட்டிருக்கிறேன். எங்கள் வாப்பாவுக்குத் தோட்டத்தின் கீழ்ப் பாதையில் ஒரு சில்லறைக் கடை இருந்தது. கடன் கொப்பியில்தான் வியாபாரம். பக்கத்தில் இன்னொரு கடை திறந்த அன்று வாப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே பருப்பின் விலையைக் குறைத்தார். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் அரிசியைத் தோட்டமே கொடுத்து, சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். கடன் தீர்ந்தது என்ற 'துண்டு' கையில் இல்லாதவனை வேறு தோட்டம் எடுக்காது. அந்தத் துண்டு முறையை 1921இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். ஆகவே இரண்டாவது கடையின் அருமை தெரியாத மண்ணல்ல இது. மருமகன் சொல்வதில் பாதி சரி.

மறுபாதி சரியில்லை. இஹ்திகார் என்று ஃபிக்ஹ் நூல்கள் கண்டிப்பது, மக்களுக்கு அவசியமான பொருளைப் பதுக்கி விலை ஏற்றுவதை. விளையாட்டை அதற்குள் கொண்டுவந்து பத்வா கொடுக்க நான் ஆலிமும் அல்ல, அவசியமும் இல்லை. ஆனால் ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின் மேல் இன்னொருவர் வியாபாரம் பேசுவதை ரசூலுல்லாஹ் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். மெட்ரோ விஷயத்தில் முன்பதிவு செய்தவர்களுக்குப் பொருள் கிடைத்துவிட்டது. காசு கையில் வைத்துக்கொண்டு அந்த வாசலில் நின்றவர்களுக்குத்தான் இரண்டரைக் கிழமைக்கு முன்னால் கதவு சாத்தப்பட்டது. அவர்களுடைய கோபம் இரண்டாவது கடையின் மேல் அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது.

இவ்வளவு நேரமும் பேசாமலிருந்த மாணவன் சொன்னான்: "சேர், எபிக் கடையில நானும் வாங்குவேங்க. அங்க சும்மா குடுக்குற கேமும் நெறைய எடுத்திருக்கேன். அந்தக் கடைக்குள்ள நம்மள விடுறாங்க. இது அப்படியில்லீங்க சேர். இங்க பாருங்க."

நீட்டிய போனில் நாடுகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. இந்தியா இருந்தது. இந்தோனேசியா இருந்தது. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து எல்லாம் இருந்தன. வாத்தியார் புத்தி, இரண்டு முறை மேலும் கீழும் தேடிப் பார்த்தேன்.

"இதுக்குப் போய் ஏன் மண்டைய ஒடைக்கிற? இந்தியாண்டு போடு. எல்லாரும் அப்படித்தான் போடுற" என்றான் மருமகன்.

"சேர், அப்படிப் போட்டா பொய்யா?"

கணக்கின் விதிகள் சரியான விபரம் தரவேண்டும் என்கின்றன. "பொய்தான் மகன்" என்றேன். சொல்லிவிட்டு, இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கக் கூடாதோ என்றும் இருந்தது.

"பொய்ங்கறதுகூட பரவால்லீங்க சேர். ஆனா இந்தியான்னு மட்டும் எழுத கை வர்றதில்ல."

அவனுடைய தாத்தாவை எனக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றுப்போன குடும்பம். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். தாத்தாவின் அண்ணன் இந்தியா என்று எழுதிக்கொடுத்து, ஹட்டனில் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போனார். பிறகு இரண்டு மூன்று கடிதம். அவ்வளவுதான். தம்பி எழுதிக் கொடுக்கவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் கிழவர் இந்த நாட்டுப் பிரஜை ஆனார். அந்தக் கடதாசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார். பாடசாலையில் பேரனைச் சேர்க்க வந்தபோது, யாரும் கேட்காமலே அதை எடுத்து என் மேசையில் விரித்தார்.

இதெல்லாம் விளையாட்டுக் கம்பனிக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் எந்தெந்த நாட்டில் வியாபாரம் என்று யாரோ ஒரு பட்டியல் போட்டிருப்பார்கள். அதில் மலையகத்தை நோகடிக்கும் எண்ணம் ஒன்றும் இருந்திராது. மருமகனும் இதைத்தான் சொன்னான், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

"தெரியும்டா" என்றான் மற்றவன். "நாட்டுப் பேர் கெடச்சாலும் அடுத்தது அட்ரஸ் கேப்பான். லயத்துக்கு ஏது அட்ரஸ்? எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீஸுக்குத்தானே வருது." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். மருமகனும் சிரித்தான். நான் உள்ளே போய்த் தேத்தண்ணிக்குச் சொன்னேன். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை வேறு கதைகள் பேசினோம்.

மறுநாள் காலை சோனி அந்த நிபந்தனையைக் கைவிட்டதாகச் செய்தி வந்தது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஸ்டீமில் எதிர்த்து எழுதியிருந்தார்கள். அவர்களில் மிகப் பலருக்குக் கணக்குத் திறப்பதில் தடையே இருந்திராது. பட்டியலில் உள்ள நாட்டுக்காரர்கள். அது எனக்கு நல்ல செய்தியாக இருந்தது. ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத்தான் விமோசனம். 177 இடங்களில் நிறுத்திய விற்பனை அப்போது மீளவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் 'காட் ஒஃப் வோர்' விளையாட்டின் அடுத்த பாகமான 'ரக்னரொக்' கொம்பியூட்டருக்கு வந்தபோதும் அதே கணக்கு, அதே கட்டாயம்.

2025 ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் பாடசாலை விட்டு வரும்போது போனில் அவனுடைய செய்தி கிடந்தது. ரக்னரொக் உட்பட நான்கு விளையாட்டுகளுக்குக் கணக்குக் கட்டாயமில்லை என்று சோனி சொல்லிவிட்டதாம்.

"அப்போ வாங்கப் போறியா?" என்று கேட்டு எழுதினேன்.

இரவு பதில் வந்தது. "நம்ம நாட்டுக்கு விக்கிறாங்களான்னு மொதல்ல பார்க்கணும் சேர். அப்புறம் சம்பளமும் வரணும்."