சேர்க்காத ஸலாம்

சென்ற வாரம் மதரஸாவில் ஒன்பது வயது மாணவன் ஒருவன் எம்மிடம் கேட்டான்: "உஸ்தாத், ஒருத்தவுக சொல்லிவிட்ட ஸலாமைச் சொல்ல மறந்துட்டா குத்தமா?" அவனுடைய பெரியம்மா பக்கத்துத் தெருவிலுள்ள தம் தோழிக்கு ஸலாம் சொல்லியனுப்பியிருக்கிறார். இவன் விளையாடப் போய்விட்டான்.

ஜிப்ரீல் (அலை) கூறிய ஸலாமை நபிகள் நாயகம் (ஸல்) அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் எடுத்துச் சொன்னதும், அன்னையார் அதற்குப் பதில் ஸலாம் உரைத்ததும் ஹதீஸில் உள்ளன. சேர்ப்பதாக ஏற்றுக்கொண்டவர் மீது அந்த ஸலாம் ஓர் அமானிதம் என்று அறிஞர்கள் எழுதியுள்ளனர். இதை ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். நடத்தும்போதெல்லாம் எமக்குத் தொண்டை அடைக்கும். காரணம் இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எம் வாப்பா தம்மாமில் வேலையில் இருந்தார்கள். அக்காலத்தில் கடிதத்துக்குப் பதிலாக ஒலிநாடாவில் பேசி அனுப்புவது வழக்கம். தங்கச்சிமடத்து வீட்டில் பழைய நாடாக்களை அழித்து அழித்துப் பேசி அனுப்புவோம். ஹனிபா அவர்களின் நாடாக்களை மட்டும் தொடக்கூடாது என்பது வாப்பாவின் கட்டளை. 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாடலை எங்கள் தெருவில் முஸ்லிம் அல்லாத மீனவர்களும் முணுமுணுப்பார்கள். இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நாம் அறியாதவரல்லர். அது வேறொரு கட்டுரைக்குரியது.

இராமநாதபுரத்தில் மீலாது விழா. ஹனிபா அவர்கள் பாட வருகிறார்கள் என்ற செய்தி வந்தது. அவர்கள் பிறந்ததும் அதே ஊர்தான். அடுத்த நாடாவில் வாப்பாவின் குரல்: "அவுகளைப் பார்த்தா தம்மாமுல இருந்து ஒரு ஆளு ஸலாம் சொன்னாருன்னு சொல்லிரு வாப்பா." சொல்கிறேன் என்று நாமும் பதில் நாடாவில் ஏற்றுக்கொண்டோம்.

மாமாவுடன் பேருந்தில் பாம்பன் பாலத்தைக் கடந்தது முதல் அந்த ஒரு வாக்கியத்தையே மனத்துக்குள் ஓதிக்கொண்டிருந்தோம். மேடையில் அவர்கள் குரலெடுத்தபோது ஒலிபெருக்கி தேவைதானா என்று தோன்றியது. எழுபதை நெருங்கிய உடலிலிருந்து அந்த உச்சக் குரல் எப்படி எழுந்தது என்பது இன்றும் எமக்கு வியப்பு. நாடாவில் கேட்டது அதன் நிழல் மட்டுமே என்று அன்றுதான் விளங்கியது.

கச்சேரி முடிந்து மேடையின் பின்புறம் வரிசையில் நின்றோம். எமக்கு முன்னால் கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டியவர்கள் ஏழெட்டுப் பேர். ஹனிபா அவர்கள் கழக மேடைகளிலும் முழங்கிய குரலல்லவா! ஒவ்வொருவரும் "வணக்கம் அண்ணே" என்று கும்பிட்டு நகர்ந்தார்கள். எம் முறை வந்தது. தலையில் தொப்பியும் கையில் பாடக் குறிப்பேடுமாக நின்ற மதரஸா மாணவனாகிய நாம், இரு கைகளையும் கூப்பி, "வணக்கம் அண்ணே" என்றோம்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஹனிபா அவர்கள் எம் தொப்பியைப் பார்த்தார்கள். கூப்பிய கைகளைப் பிரித்துத் தம் கைகளுக்குள் வைத்துக்கொண்டு, முழு ஸலாத்தையும் அவர்களே முந்திச் சொன்னார்கள். முகம் எரிய, பதிலை அரைகுறையாக உளறிவிட்டு ஓடிவந்துவிட்டோம். தம்மாம் ஸலாம் எம் நாவிலேயே தங்கிவிட்டது.

அடுத்த நாடாவில், "சொல்லிட்டேன் வாப்பா, ரொம்பச் சந்தோஷப்பட்டாக" என்று பேசி அனுப்பினோம். வாப்பா தம் அறையிலிருந்த அத்தனை பேருக்கும் அதைப் போட்டுக் காட்டினார்களாம். நாம் பட்டயம் பெற்று ஆசிரியரான பின்னும் அந்தப் பொய் அப்படியே கிடந்தது. அவர்கள் வாழ்ந்த காலத்தில் நாகூருக்கு ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

2015 ஏப்ரல் 8 அன்று ஹனிபா அவர்கள் சென்னையில் வஃபாத்தானார்கள். செய்தி கேட்டு வாப்பா, "நம்ம ஸலாமாவது அவுகளுக்குப் போய்ச் சேர்ந்துச்சு" என்றார்கள். அதற்கு மேல் எம்மால் தாங்க முடியவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னோம்.

வாப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்கள்: "அவுகதான் முந்திச் சொன்னாகளா?"

"ஆமாம் வாப்பா."

"நீ பதிலை முழுசாச் சொல்லலையா?"

"இல்லை."

வாப்பா எழுந்து உட்கார்ந்து, எதிரில் ஆள் இருப்பதைப் போல, "வ அலைஹிஸ் ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார்கள். பொய் சொன்னதற்காக எம்மிடம் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது தனி.

அந்த மாணவனிடம் இவற்றையெல்லாம் சொல்லவில்லை. பாடம் முடியக் கால்மணி நேரம் இருந்தது. "இப்பவே போய்ச் சொல்லிட்டு வா" என்று அனுப்பினோம். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான்.