டம்பெல்லும் தூக்குங்க அக்கா

ஜிம்ல ஒரு அக்கா இன்னிக்கு கண் கலங்கிட்டாங்க.

ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டு, தினமும் டிரெட்மில் மட்டும்.
எடை குறைஞ்சுது. தெம்பும் போயிடுச்சு.
மாடிப்படி ஏறினா கால் நடுங்குதாம்.

மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

பட்டினி கிடந்தா கொழுப்போட தசையும் சேர்ந்து கரையும்.
அதைக் காப்பாத்தறது வெயிட் டிரெயினிங்கும் புரதமும்தான்.
ஒரு முட்டைல சுமார் 6 கிராம் புரதம் இருக்கு.
சுண்டல், பாசிப்பயறு, மீன்... எல்லாம் நம்ம வீட்டுச் சாப்பாடுதானே?

நடையை விடச் சொல்லல.
வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேக நடை மாதிரி மிதமான உடற்பயிற்சி, கூடவே 2 நாளாவது தசைக்கு வலு சேர்க்கிற பயிற்சின்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.
அந்த ரெண்டாவதைத்தான் நம்ம வீட்டுப் பொம்பளைங்ககிட்ட யாரும் சொல்றதில்ல.

உங்க அம்மாகிட்ட, அக்காகிட்ட நீங்க சொல்லிருக்கீங்களா?