சிவப்புக் கோடு

சிவப்பு நேர்மின், கறுப்பு எதிர்மின். பள்ளி ஆய்வகத்தில் மின்கலத்தோடு கம்பியை முதன்முதலாக இணைக்கும் நாளிலேயே கைக்குப் பழகிவிடும் பாடம் இது. அகமதாபாத்தில் தங்கி மின்னணு இசையின் வரலாற்றை ஆராயும் மாணவி ஒருத்திக்கு அந்தப் பாடமே ஓர் இரவில் வினையாக முடிந்தது.

1969இல் அதே நகரின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசர் ஒன்றை நிறுவினார். இந்திய மின்னணு இசையின் தொடக்கங்களுள் ஒன்றான அந்த ஒலிக்கூடமே அவளது ஆய்வுப்பொருள். ஒலிநாடாக்களைக் கேட்டும் ஆவணங்களைப் படித்தும் அறிந்தது போதாதென்று தோன்றியது. மின்னழுத்தம் ஒலியாக மாறுவதைத் தன் கையால் செய்து பார்க்க விரும்பினாள். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, யூரோராக் வகைச் சிறு பெட்டி ஒன்றைச் சேர்த்தாள். அதில் பொருத்திப் பார்க்க, மூத்த ஆய்வாளர் ஒருவர் தம்முடைய ஃபில்டர் மாடுலை இரவல் தந்தார். வெளிநாட்டில் படித்த நாளில் அவர் வாங்கி வந்தது அது.

யூரோராக் என்பது ஒரே நிறுவனத்தின் கருவியன்று. ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் ஏ-100 வரிசையை வெளியிட்டார். அதன் அளவுகளையும் மின்னிணைப்பையும் பிறர் பின்பற்ற, அதுவே பொது வழக்காயிற்று. மின்பகிர்வுப் பலகையில் 16 பின்கள். பெரும்பாலான மாடுல்களில் 10 பின்கள். இரண்டையும் ஒரு ரிப்பன் கேபிள் இணைக்கிறது. 10 பின்களில் முதல் இரண்டு −12 வோல்ட், நடுவில் உள்ள ஆறும் கிரவுண்ட், கடைசி இரண்டு +12 வோல்ட். கேபிளின் ஓர் ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும்.

அந்தக் கோடு நேர்மின்னைக் குறிப்பதில்லை. ரிப்பன் கேபிள்களில் அது முதலாம் கம்பி எது என்று மட்டுமே சொல்லும். யூரோராக்கில் முதலாம் கம்பி −12 வோல்ட். ஆகவே உலகெங்கும் நேர்மின்னுக்கு நிற்கும் சிவப்பு, இங்கே எதிர்மின்னின் பக்கம் நிற்கிறது.

இரவல் மாடுலின் பின்கள் சுற்றுச்சுவர் இன்றி வெறுமனே நின்றன. ஒரு முனையருகே '+12' என்று அச்சிட்டிருந்தது. அவள் தயங்கவில்லை, சிவப்பை அந்தப் பக்கம் வைத்து அழுத்தினாள். விசையைப் போட்டதும் கருகல் வாடை எழுந்தது. உடனே அணைத்தும் பயனில்லை.

இரு மின்னழுத்தங்களும் இடம் மாறினால் ஆப்-ஆம்ப் ஐசிக்கள் தாங்குவதில்லை. இயல்பாக மூடியிருக்க வேண்டிய உள்வழிகள் திறந்து, கட்டின்றி மின்னோட்டம் பாய்ந்து, சூட்டிலேயே அவை அழிகின்றன. இரு முனையிலும் 16 பின்கள் உள்ள கேபிள் தலைகீழானால் கேடு இன்னும் பெரிது: மாடுலின் கிரவுண்ட் பின்கள் வழியே +12 வோல்ட்டும் +5 வோல்ட்டும் ஒன்றோடொன்று இணைந்து, அதே பெட்டியில் +5 வோல்ட்டை நம்பியிருக்கும் வேறு மாடுல்களும் பழுதாகலாம்.

இதைத் தடுப்பது அரிதன்று. ஒவ்வொரு மின்வழியிலும் தொடராக ஒரு டையோடு இருந்தால், தலைகீழாகச் செருகிய மாடுல் இயங்காமல் இருக்குமே தவிர எரியாது. அதற்கு விலை சில ரூபாய்களும், மின்னழுத்தத்தில் ஒரு சிறு இழப்பும். பள்ளம் வெட்டிய சுற்றுச்சுவர் இருந்தால் கேபிளே தவறான திசையில் நுழையாது; ஆனால் அந்தச் சுவரையே திருப்பிப் பற்றவைத்த பலகைகளும் உண்டு. செருகுபவர் கவனமாக இருக்க வேண்டும் என்பது உண்மைதான். எனினும் ஒருமுறை கை தவறினால் மீளமுடியாதபடி ஒன்றை அமைத்துவிட்டு, பழி முழுவதையும் கையின் மீது சுமத்துவது நியாயமாகாது.

இந்த நியாயங்கள் எதுவும் அவளுக்கு அன்று ஆறுதல் தரவில்லை. இரண்டு நாள் அவள் மூத்தவரின் கண்ணில் படாமல் திரிந்தாள். மாடுல் தானாகவே பழுதாயிற்று என்று சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு கணம் எண்ணினாள். மூன்றாம் நாள் மாடுலையும் கேபிளையும் அவர் மேசையில் வைத்து, சிவப்பை எந்தப் பக்கம் வைத்தாள் என்பதை உள்ளபடி சொன்னாள். அவர் பலகையைத் திருப்பிப் பார்த்தார். கொடுக்கும்போதே தாம் சொல்லியிருக்க வேண்டும் என்றார். தாம் முதலில் எரித்ததும் இப்படித்தான் என்றார்.

ரிலீஃப் சாலைக் கடையொன்றில் இரண்டு டிஎல்072 ஐசிக்களும் டையோடுகளும் வாங்கினார்கள். ஐசிக்கள் சாக்கெட்டில் இருந்ததால் மாற்றுவது எளிதாயிற்று. மின்வழிகளில் டையோடுகளை அவளே பற்றவைத்தாள். ஃபில்டர் மீண்டும் ஒலித்தது. திருப்பித் தருமுன், பின்களின் மறுமுனையருகே நிரந்தர மையால் ஒரு வரி எழுதினாள்: 'சிவப்பு இங்கே. இது −12.'