மூன்று கிலோ

சென்ற ஆண்டு ஏப்ரல் விடுமுறையில் என் தமக்கையின் மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பதினாறு வயது, மல்யுத்தப் பயிற்சியால் தோள்கள் திரண்டிருந்தன. என் மனைவி ஆசையோடு அவித்து வைத்த பிட்டை அவன் தொடவேயில்லை. நண்பகல் வெயிலில் மழைச்சட்டையை அணிந்துகொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினான். வேலிக்கு மேலால் அயலவர் எட்டிப் பார்த்தனர்.

"மாமா, நான் இப்போது 58 கிலோ. ஞாயிற்றுக்கிழமைக்குள் 55 ஆகவேண்டும். அந்த வகுப்பில் வருபவர்கள் சிறியவர்கள்" என்றான். பயிற்றுநர் அப்படித்தான் சொன்னாராம்.

விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவன் வாயை மூடிக்கொண்டிருப்பானா? அவனைத் திண்ணையில் இருத்தினேன்.

எதிரியைத் தூக்கி எறியும் கணத்தில் தசைகள் மூச்சுக்காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. முதற் சில வினாடிகளுக்கு அவற்றிலுள்ள கிரியேற்றின் பொஸ்பேற்று உதவும். பின்னர் கிளைக்கோசன் ஒட்சிசனின்றியே உடைந்து வலுவைத் தரும். இவ்வலுவை அளக்க, 1970களில் இஸ்ரேலின் விங்கேற் நிலையத்தில் ஒரு சோதனையை வகுத்தனர். உடல் நிறைக்கேற்ற தடையை எதிர்த்து, 30 வினாடிகள், இயன்ற மட்டும் விரைவாகச் சைக்கிள் மிதிக்கவேண்டும். அங்கே உழைப்பது தசை. கொழுப்போ வெறுஞ் சுமை.

"அப்படியென்றால் நான் குறைப்பது சரிதானே?" என்று மடக்கினான். கெட்டிக்காரப் பிள்ளை!

சரியன்று. ஐந்து நாளிற் போவது பெரும்பாலும் கொழுப்பன்று, நீரும் கிளைக்கோசனுமே. ஒரு கிராம் கிளைக்கோசனோடு ஏறக்குறைய மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். ஆகவே தராசில் இறங்குவது, களத்தில் எரிக்கவேண்டிய எரிபொருள். அவனிடமோ குறைப்பதற்குக் கொழுப்பும் அதிகமில்லை.

பின்பு, சொல்லத் தயங்கியதையும் சொன்னேன். 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி வீரர்கள், காற்றுப் புகாத சட்டையணிந்து வெப்பத்தில் வியர்வை சிந்தி எடை குறைக்க முயன்று இறந்தனர். அதன் பின்னரே அங்கு அச்சட்டைகளைத் தடைசெய்தனர். உடற்கொழுப்பு ஐந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கலாகாது என்றும் விதித்தனர்.

அவன் ஒன்றும் பேசாது மழைச்சட்டையைக் கழற்றிக் கொடியிற் போட்டான்.

60 கிலோ வகுப்பிற் போட்டியிட்டு, இரண்டாம் சுற்றில் தோற்றான். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது வரும்போதெல்லாம், பிட்டுக்கு மூன்றாம் முறையும் கோப்பையை நீட்டுகிறான்.