ஜெடாய் இல்லாத ஸ்டார் வார்ஸ்

கரியாலூர் படகுத்துறைல உட்கார்ந்து சித்தப்பா பையனோட ஒரே சண்டை, எந்த ஸ்டார் வார்ஸ் சீரிஸ் கெத்துன்னு.

"மேண்டலோரியன்தாண்ணா கெத்து. குட்டி க்ரோகு ஒருத்தன் போதும்"ங்கறான்.

சரி, 2019ல அது வந்தப்ப நானும் உருகினவன்தான்.
ஆனா அப்புறம் வந்த போபா ஃபெட், ஓபி-வான் எல்லாம் பழைய முகத்தைக் காட்டிக் கைதட்டு வாங்கற வேலை.
தி அகோலைட் 2024ல ஒரே சீசனோட மூட்டை கட்டிடுச்சு.

என் ஓட்டு ஆண்டோருக்கு.

லைட்சேபர் வீச்சு இல்ல. ஜெடாய் வீரர்கள் இல்ல.
(நம்ம பக்கத்து கேரளாவுல பிறந்த வரதா சேது இருக்காங்க, சிண்டாங்கற பாத்திரத்துல. அலட்டலே இல்லாத நடிப்பு.)

முதல் சீசன்ல ஆல்தானின்னு ஒரு கிரகம்.
அங்க மலையில இருந்த சனத்தைச் சாம்ராஜ்யம் கீழ இறக்கிடுச்சு. அவங்க சாமி கும்பிட மலைக்குத் திரும்ப நடந்து வரணும்.
வர்ற வழியில மலிவு விலைக்குக் குடிக்கறதுக்கு இடம் திறந்து வைக்குது சாம்ராஜ்யம்.
கிளம்பினவங்கள்ல கொஞ்சப் பேர்தான் வந்து சேர்றாங்க.

2024 ஜூன் கள்ளச்சாராயச் சாவுகளுக்கு அப்புறம், இந்தக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துல உட்கார்ந்து அந்த சீனைப் பாருங்க.
விண்கலம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

"சண்டையே கம்மிண்ணா, ஒரே பேச்சு"ங்கறான் தம்பி.
விடுவேனா? அதிகாரம், ஒடுக்குமுறைன்னு அரை மணி நேரம் பொளந்து கட்டினேன்.
வீட்ல ரிமோட் கேட்டு வாங்கத் துப்பில்லாத புரட்சிக்காரன் நான்.

ஆண்டோரும் 2025ல ரெண்டாவது சீசனோட முடிஞ்சு போச்சு.

1977ல வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தையே பார்க்காத ஆளுக்கு எதுல ஆரம்பிக்கச் சொல்வீங்க?
க்ரோகுவா, ஆண்டோரா?