மகன் படுத்த கட்டில்

வெளிநாட்டுத் தொண்டுக்குப் புறப்படும் முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நம்மை ஏற்கும் வீட்டில் ஒரு ஆள் சோறு கூடுகிறது.

2015 ஏப்ரல் 25 பூகம்பத்தில் இடிந்த பள்ளியொன்றைக் கட்ட, மறுவருட ஆண்டிறுதி விடுமுறையில் நேப்பாளத்தின் கோர்க்கா மாவட்டத்துக்குச் சென்றிருந்தேன். பருப்பும் சோறும் இரண்டே வேளை, முற்பகலிலும் இரவிலும். எச்சிலை ‘ஜூட்டோ’ என்கிறார்கள். நம் பாட்டிமாரை விடக் கண்டிப்பு! நான் சுமந்த கல் சொற்பம். வீட்டுக்கார அம்மாளோ விடியுமுன் எழுந்து எனக்கும் சேர்த்துத் தண்ணீர் சுமந்தார். ஆகவே, சாப்பாட்டுச் செலவை முதல் நாளே அந்த அம்மாள் கையில் கொடுத்துவிடுங்கள்.

எனக்குக் கொடுத்த கட்டில் மகனுடையது. அவர் நம் கிள்ளானில் காவலாளி. புறப்படும்போது, புளிக்க வைத்து உலர்த்திய ‘குந்துருக்’ கீரைப் பொட்டலம் ஒன்றை அவருக்கெனத் தந்தார் அம்மாள். கிள்ளானில் அந்தத் தம்பி அதை முகர்ந்துவிட்டு, “அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா?” என்று மலாயில் கேட்டார்.